ஏ.ஏ. மீட்டிங்கைத் தேடுகிறவருக்கு: முகவரி வேண்டாம், ஆளைப் பிடியுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். வயது 34, அம்பத்தூர் பக்கம் கம்பெனி வேலை, பத்து வருடக் குடி, அதில் கடைசி மூன்று வருடம் தினமும். யாரோ ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிற இயக்கம்) பற்றிச் சொன்னார்கள், நெட்டில் தேடியதில் ஒரு சர்ச் முகவரி கிடைத்தது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "அதெல்லாம் கொரோனாவோட நின்னு போச்சு சார்" என்றார். திரும்பி வரும் வழியில் கடை. இப்போது, உண்மையிலேயே நடக்கிற மீட்டிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது, அது மதம் சம்பந்தப்பட்டதா, தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் என்ன செய்வது, குடியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா, என்ன செலவாகும், மனைவி கூட வரலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் 13 வருடமாகக் குடிக்காமல் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி மீட்டிங் போய்த்தான். பெயர் போடவில்லை, காரணம் போகப் போகப் புரியும்.

முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமை. தம்பி, பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை. மீட்டிங்கில் பத்துப் பேரைக் கேட்டால் அதில் இரண்டு மூன்று பேராவது இதே கதையைச் சொல்வார்கள், எனக்கும் நடந்தது. எங்கள் ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று ஒரு நோட்டீஸில் போட்டிருந்தது, போனால் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. தப்பு உங்களுடையதில்லை. ஏ.ஏ. குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையையோ சர்ச் ஹாலையோ வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்கிறார்கள். புது ஹெட்மாஸ்டர் வந்து சாவி தர மறுத்தால் கூட்டம் இரண்டு தெரு தள்ளிப் போய்விடும், ஆனால் நெட்டில் பழைய முகவரி பத்து வருடத்துக்கு அப்படியே கிடக்கும். அதனால்தான் எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறேன்: முகவரியைத் தேடாதீர்கள், அங்கே போகிற ஒரு ஆளைத் தேடுங்கள்.

இந்த இயக்கமே அப்படித்தான் பிறந்தது என்பது ஒரு வேடிக்கை. 1935 மே மாதம், நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு ஒரு வியாபார விஷயமாகப் போகிறார், காரியம் ஊத்திக்கொள்கிறது. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது. ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊரிலுள்ள சர்ச்களின் பட்டியல். அவருக்குத் தேவைப்பட்டது பிரசங்கம் இல்லை, தன்னைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு குடிகாரன். போன் மேல் போன் போட்டுக் கடைசியில் ஒரு அம்மாள் மூலமாக டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைப் பிடிக்கிறார். 15 நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டர் இரவு 11 மணி தாண்டித்தான் எழுந்தாராம். டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10, அதைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. இந்தியாவில் 1957இல் பம்பாயில் தொடங்கியது. அன்றைக்கு பில் வில்சன் செய்த வேலையைத்தான் இப்போது நீங்களும் செய்யப் போகிறீர்கள், உங்களிடம் மொபைல் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறதா? இதற்கு முன் நிறுத்த முயன்றபோது வலிப்பு வந்திருக்கிறதா, இல்லாத சத்தம் கேட்டிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால்கூட, மீட்டிங் உற்சாகத்தில் இன்றிரவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். முதலில் டாக்டர். தினமும் நிறையக் குடிக்கிற உடம்பில் சரக்கு திடீரென்று நின்றால், கடைசி கிளாஸிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி, யாரோ துரத்துகிற மாதிரியெல்லாம் தெரியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பத்து நாள் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, இதைப் பத்திரமாகக் கடக்க வைத்துவிடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் போய் "ரொம்ப டயர்டா இருக்கு" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். குடிக்கிற விஷயத்தை வாயைத் திறந்து சொல்லுங்கள், ஏனென்றால் பி1 குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் அது மூளையைப் பாதிக்கலாம்.

எங்கே போவது என்றால், எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 2025இல் அரசு 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, அது 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. அவருடைய கணவர் 33 வயதில் குடியால் இறந்துபோனார், அதற்கு அடுத்த வருடம் ஆரம்பித்தார். ராத்திரி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தால் 14416 என்று ஒரு எண், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்று தனியாக 14446 இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது.

சரி, இப்போது ஆளைப் பிடிக்கும் வேலை.

நேர்வழி, ஏ.ஏ. இந்தியாவின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது, அவர்களுடைய இணையதளத்தில் நாடு முழுக்க உள்ள குழுக்களின் பட்டியலும் உதவி எண்ணும் இருக்கும். சென்னை மாதிரிப் பெரிய ஊர்களில் பல குழுக்கள் சேர்ந்து 'இன்டர்குரூப்' என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதற்கும் தனி போன் உண்டு. பட்டியலைப் பார்த்து நேரே வண்டியை எடுக்காதீர்கள், அதில் இருக்கிற போன் நம்பர்தான் உங்களுக்கு வேண்டியது. போனை எடுப்பவர் ரிசப்ஷனிஸ்ட் இல்லை, உங்களையும் என்னையும் மாதிரி ஒரு ஆள்தான், பகலில் அவருக்கும் ஆபீஸ், லேத் பட்டறை, ஆட்டோ என்று ஏதோ ஒரு வேலை இருக்கும். எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் மறுபடி போடுங்கள். எடுத்தால் மூன்றே கேள்வி: இன்றைக்கு நடக்கிறதா, தமிழிலா ஆங்கிலத்திலா, வாசலில் யார் இருப்பார்கள். சென்னையில் ஆங்கிலக் குழுக்களும் உண்டு, மொழி புரியாமல் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டு, நமக்கு இது செட் ஆகாது என்று திரும்பிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கேள்விதான் முக்கியம். "நான் புதுசு, தனியாக வரக் கூச்சமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பக்கத்துக் குரலே மாறிவிடும். புதிதாக வருகிறவனுக்கு உதவுவதுதான் அவர்கள் குடிக்காமல் இருக்கும் வழி, அதனால் உங்கள் போன் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

இரண்டாவது வழி ஆஸ்பத்திரி. போதை மீட்பு வார்டுகளில் இருக்கிற கவுன்சலர்களுக்கும் நர்ஸ்களுக்கும் எந்தக் குழு உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பது அத்துப்படி. உறுப்பினர்கள் வாரத்துக்கு ஒரு தடவை வார்டுக்கே வந்து பேசிவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். நீங்கள் அட்மிட் ஆகவில்லை என்றாலும், புறநோயாளிப் பிரிவில் டாக்டரைப் பார்க்கப் போகும்போது "ஏ.ஏ. ஆள் யாராவது வருவாங்களா, நம்பர் கிடைக்குமா" என்று கேளுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கூச்சம் விட்டுச் செய்ய வேண்டியது. போன வாரம் போன அதே இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் போங்கள், வாட்ச்மேனைக் கேட்காமல் ஆபீஸில் கேளுங்கள். பல வருடம் ஹால் கொடுத்தவர்களிடம் சாவி வாங்க வந்தவரின் நம்பர் எங்காவது ஒரு நோட்டில் இருக்கும். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று முழுப் பெயரைச் சொன்னால் சில இடத்தில் முழிப்பார்கள், "சாயங்காலம் வந்து உட்கார்ந்து பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்களே" என்றால் சட்டென்று புரிந்துவிடும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆயா இன்று வரைக்கும் எங்களை 'பழைய குடிகாரங்க சங்கம்' என்றுதான் சொல்கிறாள். அதில் தப்பும் இல்லை.

நான்காவது ஆன்லைன். கொரோனா காலத்தில் ஹால்கள் மூடியபோது ஜூமுக்குப் போன குழுக்களில் பல அங்கேயே தொடர்கின்றன. ஏ.ஏ.வின் ஆன்லைன் இன்டர்குரூப் தளத்தில் உலகம் முழுக்க நடக்கும் இணையக் கூட்டங்களை மொழி வாரியாகப் பார்க்கலாம். நேரத்தை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், இந்திய நேரமா வேறு நாட்டு நேரமா என்று. உள்ளே போகும்போது கேமராவை அணைத்து வைக்கலாம், பேச வேண்டாம், வெறுமனே கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, உங்கள் முழுப்பெயரோ கம்பெனி பெயரோ ஜூமில் தெரிகிறதா என்று முதலில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருவரை மூன்று மாதம் 'ரெட்மி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவர் போன் அப்படித்தான் காட்டியது, அவரும் மறுக்கவில்லை. ஷிஃப்ட் வேலைக்காரருக்கும், மீட்டிங்கே இல்லாத சின்ன ஊர்க்காரருக்கும், வெளியே போக முடியாத பெண்களுக்கும் ஆன்லைன் ஒரு வரம். பெண்கள் விஷயம் தனி. நம் ஊர் நேரடிக் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான், ஒரு பெண் உள்ளே வர அவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்கள் இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கலாம். உங்களுக்கு, சென்னையிலேயே இருப்பவருக்கு, என் யோசனை நேரில் போவதுதான். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் வாடையும் தெரியாது, கை நடுக்கமும் தெரியாது.

நடுக்கம் என்றதும் என் முதல் நாள் ஞாபகம் வருகிறது. அது ஒரு யு.கே.ஜி. வகுப்பறை. பெரிய ஆட்கள் எல்லோரும் முழங்கால் மார்பைத் தொடுகிற மாதிரிக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், சுவரில் அ-அணில், ஆ-ஆடு. நான் அன்றைக்குக் காலையில் இருந்து குடிக்கவில்லை, அதாவது காலை குவார்ட்டருக்குப் பிறகு. ஒரு பெரியவர் பிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டு வந்தார், மற்றவர்களுக்குக் கப் நிறைய, எனக்கு மட்டும் பாதி. எனக்குச் சுருக்கென்றது, இங்கேயும் நம்மைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறார்களே என்று. கப்பை வாயருகே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, நிறைய ஊற்றியிருந்தால் பாதி என் சட்டையில்தான் இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை ஞாபகமில்லை. அந்த அரைக் கப் டீக்காகத்தான் அடுத்த வாரமும் போனேன். இப்போது எங்கள் குழுவில் டீ ஊற்றுவது நான்.

உள்ளே என்ன நடக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் சேரில் உட்கார்ந்து நடத்துவார், நிரந்தரத் தலைவர் கிடையாது, முறை வைத்து மாறும். ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைப் பேசுவார்கள், ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. இது நம் ஊரில் எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள், குடிக்கிறவனுக்கு அறிவுரை சொல்லாத ஒரே இடம். உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு "இன்னைக்குக் கேட்க வந்தேன்" என்று உட்கார்ந்துவிடலாம். பெயர் என்றால் முதல் பெயர் போதும், ஊர், தெரு, வேலை எதுவும் கேட்க மாட்டார்கள். ரிஜிஸ்டர் கிடையாது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை, அது ஒன்றுதான் உறுப்பினராவதற்கு உள்ள தகுதி என்று அவர்களுடைய மரபில் எழுதியே வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தால்கூட வெளியே தள்ள மாட்டார்கள், சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டால் சரி, அன்றைக்குப் பேச விடமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் முடிந்தால் அந்தச் சாயங்காலம் மட்டும் குடிக்காமல் வாருங்கள், காதில் ஏதாவது ஏறும். (நடுக்கம், வலிப்பு பற்றி மேலே சொன்னதை மறக்காமல்.)

செலவு. கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், டீக்கும் வாடகைக்கும், பத்து ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம், யாரும் பார்ப்பதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதே இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "நாங்க ஏ.ஏ. சென்டர்தான், மாசம் இவ்வளவு கட்டுங்க, ஆளை வந்து தூக்கிட்டுப் போறோம்" என்று யாராவது சொன்னால் அது ஏ.ஏ. இல்லை. ஏ.ஏ. ஆஸ்பத்திரி நடத்துவதில்லை, மறுவாழ்வு மையம் நடத்துவதில்லை, தன் பெயரை யாருக்கும் கொடுப்பதும் இல்லை. நல்ல மையங்கள் இருக்கின்றன, ஆனால் அடைத்து வைத்து அடிக்கிற இடங்களும் இருக்கின்றன, நானே ஒன்றில் 40 நாள் இருந்து வந்தேன், வெளியே வந்த அன்றைக்கே குடித்தேன். எங்காவது சேர்வதாக இருந்தால் 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தெரிந்தவர் யாராவது இருந்தால்? இருப்பார். அம்பத்தூர் எவ்வளவு பெரிய ஊர் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அவர் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். என் இரண்டாவது மீட்டிங்கில் எங்கள் பேங்க் கேஷியர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் முகம் செத்துவிட்டது. அதற்கப்புறம் பேங்கில் பார்க்கும்போது அவர் டோக்கனைக் கூப்பிடுவார், நான் போய் நிற்பேன், ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில்லை. இங்கே பார்த்தது, கேட்டது எல்லாம் இங்கேயே என்பது அங்கே வழக்கம், பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். பெரும்பாலும் என்றுதான் சொல்வேன், மனுஷர்கள்தானே. அதனால் முதல் நாளே எல்லா ரகசியத்தையும் கொட்ட வேண்டாம். பொதுவெளியில் ஏ.ஏ. உறுப்பினராகப் பெயரையும் முகத்தையும் போடக் கூடாது என்பதும் அவர்கள் மரபு, நான் பெயர் போடாததற்கும் அதுதான் காரணம். இந்தச் செலவற்ற சங்கத்தில் யாரும் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அரசியல் கட்சிகள் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

மதம். சர்ச் ஹாலில் நடப்பதால் வரும் சந்தேகம் இது. ஹால் கிடைக்கிற இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்கிற வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற வார்த்தை வருகிறது, 'நாங்கள் புரிந்துகொண்ட வகையில்' என்ற சொற்களோடு. முருகனை நினைப்பவரும் அல்லாவை நினைப்பவரும் மாதாவை நினைப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருக்கிறார், இருபது வருடமாகக் குடிக்கவில்லை, "எனக்கு மேலான சக்தி இந்த ரூம்ல இருக்கிற பதினஞ்சு பேர்தான்" என்பார், கடைசியில் எல்லோரும் பிரார்த்தனை சொல்லும்போது மரியாதையாக எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டிருப்பார். ஆனாலும் சிலருக்கு இந்தக் கடவுள் பேச்சு ஒட்டவே ஒட்டாது, அது அவர்கள் குற்றமில்லை. அவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி என்று 1994இல் தொடங்கிய இன்னொரு முறை இருக்கிறது, கடவுளும் கிடையாது, 'நான் குடிநோயாளி' என்று சொல்லவும் வேண்டாம், மனநல சிகிச்சை உத்திகளை வைத்து நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆன்லைனில் என்பதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல்.

இதெல்லாம் வேலை செய்கிறதா, சும்மா உட்கார்ந்து பேசினால் குடி நிற்குமா என்று மனசுக்குள் ஒரு கேள்வி இருக்கும். எனக்கும் இருந்தது. 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுமம் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வுடன் இணைத்துவிடுகிற முறையான சிகிச்சை, மற்ற பெயர் பெற்ற மனநல சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்பதுதான் முடிவு. எல்லோருக்கும் நின்றுவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் நம் நாட்டில் பிரச்சினை அதுகூட இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேர் என்ன செய்கிறார்கள்? கோயிலில் கயிறு கட்டுகிறார்கள். மாலை போடுகிறார்கள். நான் நான்கு வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன், விரதம் இருந்த நாளெல்லாம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் என்று என் மனைவிக்குத் தெரியும். நிறுத்துவது எனக்குப் பெரிய விஷயமாகவே இருந்ததில்லை, நிறுத்தியே இருப்பதுதான் முடியவில்லை. மாலை கழுத்தில் இருக்கும்போது ஊரே 'சாமி' என்று கூப்பிட்டுத் தாங்கிப் பிடிக்கிறது, கழற்றினதும் தனி ஆள். மாலை இல்லாத நாளில் அப்படித் தாங்குவதற்கு நாலு பேரை நான் மீட்டிங்கில்தான் கண்டுபிடித்தேன்.

அந்த நாலு பேரை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் தெரிய வேண்டும். மீட்டிங் எட்டு மணிக்கு முடியும். டாஸ்மாக் பத்து மணி வரை திறந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நம்பர் வாங்கி வைப்பது. முதல் நாளே குறைந்தது மூன்று பேர் நம்பரை வாங்குங்கள், அன்றிரவே ஒருவருக்குப் போன் போட்டு "வீட்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லுங்கள், ஒன்றுமில்லாதபோது பேசிப் பழகினால்தான் கை துடிக்கும்போது போன் போட வரும். கொஞ்ச நாள் கழித்து அதில் ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம், படிகளைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகிற மூத்தவர், அதற்கும் காசு கிடையாது. இன்னொன்று, முதல் வருடம் யாரிடமும் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். குழுக்கள் உடைவது குடியால் இல்லை, கைமாற்றால்தான். யாராவது ஒரு சீனியர், டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் குடியை விட்டவர், டாக்டருக்குப் படித்தவர் இல்லை.

ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, ஒன்றில் கிழவர்கள் பழங்கதை பேசுவார்கள், ஒன்றில் புத்தகத்தை வரி வரியாக வாசிப்பார்கள், ஒன்றில் சிரிப்புச் சத்தம் தெரு வரை கேட்கும். ஆறு மீட்டிங் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மனைவி விஷயம். ஏ.ஏ.வில் ஓப்பன் மீட்டிங் என்றால் யாரும் வரலாம், க்ளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும். போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அவருக்கென்றே அல்-அனான் இருக்கிறது, 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் சேர்ந்து தொடங்கியது, குடிப்பவர்களின் வீட்டு ஆட்களுக்கு. நீங்கள் மீட்டிங் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம், உங்கள் அனுமதியும் வேண்டியதில்லை. பத்து வருடம் உங்களோடு அவரும் தேய்ந்திருக்கிறார். டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு.

அவரிடம் இதையும் சொல்லுங்கள்: பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற, 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்கிற பொட்டலத்தை வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை டாக்டர்கள் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, பரிசோதனை செய்து கொடுப்பார்கள். அதையே தெரியாமல் கலந்துகொடுத்து அந்த ஆள் அதற்கு மேல் ஒரு குவார்ட்டர் அடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து ஐ.சி.யூ. வரைக்கும் போகலாம்.

மேலே எழுதியதை எல்லாம் இன்றைக்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கை நடுங்குகிற ஆள் என்றால் நாளைக் காலை டாக்டர், இல்லையென்றால் இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு போன். எடுத்தவரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்காதீர்கள், "குடிப் பிரச்சினை, மீட்டிங் வரணும்" என்ற நாலு வார்த்தை போதும், மீதியை அவரே கேட்பார். எங்கிருந்து வருகிறீர்கள், பஸ்ஸா வண்டியா என்று கேட்பார். வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் போங்கள். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல்வார், என்ன கலர் சட்டை என்று கேட்பார், பெரும்பாலும் அவரே ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டிருப்பார்.